தாலி ஏறும்வரை பொறுக்காத செய்தி

பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே இல்லை. தேத்தண்ணி ஆறும்வரை இருக்கத் தெரியாமல் வாயைச் சுட்டுக்கொள்கிறவன் நான். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் நடக்கத் தொடங்கிவிடுவேன். பாதி வழியில் அதே பஸ் என்னைக் கடந்து போகும், உள்ளே இருக்கிறவர்கள் கை காட்டுவார்கள். இதையெல்லாம் என் மனைவி கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பாள். ஒன்றை மட்டும் சொல்வதில்லை. அதை நானே சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் லண்டனில் அண்ணையின் ஒரே மகளுக்குக் கல்யாணம். அண்ணை என்னைவிட ஆறு வயது மூப்பு. சண்டைக் காலத்தில் போனவர், பிறகு இரண்டு தரமோ மூன்று தரமோதான் எங்கள் ஊர் கோப்பாய்க்கு வந்து போனார். "நீ இல்லாமல் எனக்கு என்ன கலியாணம், கட்டாயம் வா" என்று அவர் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நாளே யாழ்ப்பாணம் ரவுனுக்குப் போய் விசா அலுவல் பார்க்கும் ஒருவரைப் பிடித்தேன். லண்டனில் இருந்து அழைப்புக் கடிதம் வேண்டும், ஒப்பம் வைத்த மூலக் கடிதமாக இருந்தால் நல்லது என்றார் அவர். நல்லது என்றுதான் சொன்னார். நான் அதைக் கட்டாயம் என்று எடுத்துக்கொண்டு வந்தேன்.

"இப்பவே ஒப்பம் வைச்சுப் படமெடுத்துப் போனிலை அனுப்பிவிடுறன், காணாதோ?" என்று அண்ணை கேட்டார்.

"காணாது அண்ணை. உந்தப் படம் கிடம் ஒண்டும் வேண்டாம். தாளிலை அனுப்புங்கோ."

அவர் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பினார். பற்றுச்சீட்டைப் படமெடுத்து எனக்குப் போட்டும் விட்டார். ஒரு கிழமை பார்த்தேன். இரண்டாம் கிழமையிலிருந்து தபால் கந்தோர் வாசலில்தான் எனக்கு விடிந்தது. அங்கே வேலை செய்த அம்மா நல்ல மனுசி. முதல் நாள் எழும்பி உள்ளே போய் எல்லாக் கட்டையும் அவிழ்த்துப் பார்த்தார். பத்தாம் நாள் என்னைக் கண்டதும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஐயா, வந்தால் தருவம். வராததை நாங்கள் எங்கை போய் எடுக்கிறது?"

"வரேல்லை எண்டு சொல்லவோ உங்கை ஆள் இருக்கிறியள்? அவர் போட்டு மூண்டு கிழமை! ஒரு மனுசன் நடந்து வந்திருந்தாலும் இந்த நேரம் வந்து சேர்ந்திருப்பான்."

"லண்டனிலை இருந்தோ ஐயா?" என்று பின்னால் முத்திரை வாங்க நின்ற ஒருவர் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வந்த கோபத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். ஸ்கூட்டரில் கடிதம் கொண்டுவரும் பிள்ளை என்னைக் கண்டால் மற்ற ஒழுங்கையால் திரும்பிவிடும் அளவுக்கு நிலைமை போனது. பாவம், அதன் பிழை என்ன இருக்கிறது.

ஏழாம் கிழமை கடிதம் வந்தது. உறையின் ஒரு மூலை கிழிந்து, யாரோ பசைத்தாள் ஒட்டியிருந்தார்கள். எந்தெந்த ஊரையெல்லாம் பார்த்துவிட்டு வந்ததோ தெரியாது. அதைத் தூக்கிக்கொண்டு ரவுனுக்கு ஓடினேன். விசாவுக்குக் கிடைத்த திகதியோ கல்யாணம் முடிந்து நாலாம் நாள். "ஐயா, படத்தைக் கொண்டு வந்திருந்தாலும் அலுவலைத் தொடங்கியிருக்கலாமே" என்றார் அந்த மனிதர். அந்த இடத்திலேயே என் கன்னத்தில் நானே அறைந்திருக்க வேண்டும். நான் அண்ணைக்குப் போன் எடுத்தேன்.

"உங்களுக்கு நான் வாறது விருப்பமில்லை அண்ணை. விருப்பமெண்டால் கூரியரிலை போட்டிருப்பியள்."

"டேய், நீதானே தாளிலை அனுப்பச் சொன்னனி. அண்டைக்கே போட்டனான், ரசீதும் காட்டினனான்."

"ஓமோம், ரசீது. கண்டறியாத ரசீது."

அண்ணை, "சரி, வை" என்றார். அதன்பிறகு கல்யாணம்வரை நாங்கள் இருவரும் நேரே கதைக்கவில்லை. குடும்ப வட்ஸ்அப் குறூப்பில் அவர் படம் போடுவார், நான் பார்ப்பேன். ஒரு பூக்கூட நான் போடவில்லை.

அந்த நாட்களில்தான் பெரியப்பா படுக்கையில் விழுந்தார். அப்பாவின் மூத்த அண்ணன் அவர். எங்களுக்குப் பக்கத்து வளவில் தன் மகளோடு இருந்தார். அந்த மகளை நாங்கள் அக்கா என்போம். பெரியப்பாவுக்கு ஆண் பிள்ளை இல்லை. எங்கள் அப்பா வேளைக்கே போய்விட்டதால் அண்ணையையும் என்னையும் அவர்தான் ஆளாக்கினார். அண்ணையைக் கொழும்புவரை கூட்டிக்கொண்டு போய்ப் பிளேன் ஏற்றிவிட்டு, நாலு நாள் சென்று திரும்பி வந்து, யாரோடும் கதைக்காமல் கிணற்றடியில் நின்று தலையில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டே இருந்தார். அண்ணையும் அவரை மறந்தவர் இல்லை. கிழமை தவறாமல் ஞாயிற்றுக்கிழமையில் போன் வரும்.

எங்கள் பக்கத்துச் சைவக் குடும்பங்களில் தகப்பன் வழியில் ஒருவர் செத்தால் அந்த வழி ஆட்கள் எல்லாருக்கும் துடக்கு. முப்பத்தோராம் நாள் வரை கோயில் இல்லை, விளக்கேற்றும் நல்ல காரியத்தில் முன்னுக்கு நிற்க முடியாது. ஆனால் அந்தத் துடக்குக்கு ஒரு வாசல் உண்டு. செய்தி காதில் விழுந்தால்தான் துடக்கு. கடல் கடந்து இருக்கிறவன் கேள்விப்படும்வரை அவன் சுத்தமானவன். கேட்ட பிறகு தலை முழுகிக் காக்க வேண்டியதைக் காத்தால் போதும். எந்த நூலில் இப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அப்படித்தான்.

அதனால் பெரியப்பா சாப்பாட்டை விட்ட அன்றைக்கே அக்கா எங்களைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்.

"இஞ்சை பாருங்கோ, அப்பாவுக்கு ஏதும் நடந்தால், லண்டனிலை தாலி ஏறுமட்டும் ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. அண்ணை ஒரு பிள்ளையைப் பெத்து வைச்சிருக்கிறார். தாரை வார்த்துக் குடுக்கிற பாக்கியம் அவருக்குக் கிடைக்கோணும். அப்பாவும் அதைத்தான் விரும்புவார்."

நான்தான் முதலில் தலையாட்டினேன். அக்கா என்னைப் பார்த்து, "உனக்குச் சொல்லத் தேவையில்லை. உன்ரை கலியாணத்துக்கும் உப்பிடித்தானே நடந்தது" என்றாள்.

உண்மைதான். என் கல்யாணம் சண்டைக்குள் நடந்தது. கொழும்பில் இருந்த அப்பாவின் தம்பி, எங்கள் சின்னையா, எனக்குத் தாலிக்குப் பொன்னுருக்கிய கிழமையே மாரடைப்பில் போய்விட்டார். கடிதம் அடுத்த நாளே போட்டார்களாம். அந்தக் காலத்தில் கொழும்புக் கடிதம் எந்தக் கப்பலில் வரும், எந்தச் சாவடியில் கிடக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. என் கல்யாணம் முடிந்து பதினொரு நாள் சென்று வந்தது. நான் குதித்தேன். "பெத்த தகப்பன் மாதிரி ஒரு மனுசன் செத்துக் கிடக்க, நான் இஞ்சை மாலை போட்டுக்கொண்டு நிண்டிருக்கிறன். இதெல்லாம் ஒரு தபாலோ!" என்று கத்தினேன். அம்மா அழுதுகொண்டே போய்த் தலை முழுகிவிட்டு வந்து, "அந்தக் கடிதத்தைப் பிந்திக் கொண்டுவந்தவனுக்குப் புண்ணியம் கிடைக்கட்டும்" என்றார். எனக்கு அது விசர்க் கதையாகப் பட்டது.

கல்யாண நாள் ஞாயிற்றுக்கிழமை. லண்டனில் முகூர்த்தம் காலை பத்தே முக்கால். இங்கே அது பின்னேரம் மூன்றே கால். காலையிலிருந்தே குறூப் நிறைந்து வழிந்தது. மண்டபத்துக்கு முன்னால் எங்கள் சொந்தமெல்லாம் வரிசையாக நிற்கும் படம் ஒன்று வந்தது. கனடாவில் இருந்து வந்தவர்கள், அவுஸ்திரேலியாவில் இருந்து வந்தவர்கள், நான் ஒருநாளும் காணாத மருமக்கள், பேரப்பிள்ளைகள். படத்துக்குக் கீழே யாரோ ஒரு பிள்ளை எழுதியிருந்தது: எல்லாரும் வந்திட்டினம்.

எல்லாரும். அந்தச் சொல் என்னைச் சுட்டது. படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அண்ணையின் பக்கத்தில், நான் நின்றிருக்க வேண்டிய இடத்தில், அண்ணியின் தம்பி பட்டு வேட்டியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். போனைத் தூக்கிக் கட்டிலில் எறிந்தேன்.

மத்தியானம் பன்னிரண்டரைக்கு அக்கா வேலிக்கு மேலால் கூப்பிட்டாள். கூப்பிட்ட தொனியிலேயே விளங்கிவிட்டது. நான் போகும்போது பெரியப்பாவின் வாய் திறந்தபடி இருந்தது. அக்கா அவர் தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, அழாமல், என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சொல் இதுதான்:

"தம்பி, அண்ணைக்கு இப்ப சொல்லிப் போடாதை. தாலி ஏறட்டும்."

தகப்பன் செத்து ஐந்து நிமிடம் ஆகவில்லை. அந்த நேரத்திலும் அவள் மற்றவன் பிள்ளையின் கல்யாணத்தை நினைத்தாள்.

நான் வீட்டுக்கு வந்தேன். பந்தல்காரனுக்குச் சொல்ல வேண்டும், ஐயருக்குச் சொல்ல வேண்டும். போனை எடுத்தேன். திரையில் இன்னும் அந்தப் படம் நின்றது. எல்லாரும் வந்திட்டினம். இங்கே நான் ஒருத்தன் தனியே நின்று செத்த வீட்டைப் பார்க்கிறேன், அங்கே எல்லாரும் வந்துவிட்டார்களாம். அவர்களுக்கும் தெரியட்டும் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், அதை மறைக்க மாட்டேன். "பெரியப்பா இன்று மத்தியானம் காலமாகிவிட்டார்" என்று எழுதினேன். நாலே சொல்லுத்தான். குடும்பக் குறூப்பில் போட்டேன். நேரம் சரியாக ஒரு மணி.

அந்தக் காலத்தில் கோபத்தில் நான் எழுதிய கடிதங்கள் எத்தனையோ. எழுதி, உறையில் போட்டு, முத்திரை இல்லாமல் மேசையில் கிடக்கும். சைக்கிளுக்குக் காற்று இருக்காது, அல்லது மழை பெய்யும். இரண்டு நாள் சென்று எடுத்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும், அடுப்பில் போட்டுவிடுவேன். அண்ணைக்கு எழுதி எரித்த கடிதம் மட்டும் ஏழெட்டு இருக்கும். இப்போது மழை பெய்தால் என்ன, காற்றுப் போனால் என்ன, விரலை வைத்தால் சரி.

மனைவி குசினியில் இருந்து வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"ஐயோ, என்ன வேலை பாத்தனீங்கள்! அழியுங்கோ! கெதியா அழியுங்கோ!"

அழித்தேன். என்ன பிரயோசனம்? தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதைதான். கனடாவில் நித்திரை இல்லாமல் கல்யாணம் பார்க்கக் காத்திருந்தவர்கள் அதற்குள் தொடங்கிவிட்டார்கள். ஆழ்ந்த அனுதாபங்கள். ஓம் சாந்தி. கும்பிடும் கை, அழும் முகம், மெழுகுதிரி. மேலே என் செய்தி இல்லை, அழிக்கப்பட்டது என்று ஒரு வரி மட்டும் கிடந்தது. கீழே அனுதாபம் குவிந்துகொண்டே போனது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன் எடுத்து "அழியுங்கோ" என்று கெஞ்ச நினைத்தேன். எடுக்க முதலே அண்ணியின் அழைப்பு வந்துவிட்டது.

"என்ன தம்பி இது? என்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

போனோடு முற்றத்துக்கு இறங்கினேன், அண்ணி தொடர்ந்து சொன்னார்.

"இவர் வேட்டி உடுத்திக்கொண்டு நிண்டவர். போனைப் பாத்தவர், அப்பிடியே நிலத்திலை இருந்திட்டார். ஐயரைக் கேட்டம். பொன்னுருக்கின வீடு, இனித் துடக்கு ஒண்டும் செய்யாது, தகப்பன் தாராளமா நிக்கலாம் எண்டு அவர் சொல்லுறார். மாப்பிள்ளை வீட்டுக்காரரும் ஒண்டும் சொல்லேல்லை. இவர்தான் மாட்டன் எண்டுறார். அறிஞ்சுபோட்டு என்னெண்டு பிள்ளையின்ரை கையைப் பிடிச்சுக் குடுக்கிறது, என்னை வளத்த மனுசன் அங்கை கிடக்கிறார் எண்டு அழுகிறார். நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ தம்பி."

"குடுங்கோ, கதைக்கிறன்."

போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. பிறகு அண்ணையின் குரல், தூரத்தில் இருந்து: "வேண்டாம், வை."

மூன்று மணிக்குப் பெரியப்பாவைக் குளிப்பாட்டி முடித்திருந்தோம். மகன் இல்லாதவருக்கு நான்தான் மகன்; கொள்ளியும் நான்தான் வைக்க வேண்டும். ஈர வேட்டியோடு வீட்டுக்குள் ஓடி வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, போனில் கல்யாணத்தைப் பார்த்தேன். செத்த வீட்டில் நின்று கல்யாணம் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். மணவறையில் பிள்ளை இருந்தாள். மூக்கு சிவந்திருந்தது, பவுடரையும் மீறித் தெரிந்தது. தாரை வார்க்கும் நேரம் வந்தது. அண்ணியின் தம்பியும் அவர் மனைவியும் போய் நின்றார்கள். அவர் அவள் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. திரும்பித் திரும்பிச் சபைக்குள் யாரையோ தேடினாள். கமரா பிடித்தவனுக்கு என்ன தெரியும், அவனும் அவள் பார்த்த பக்கம் ஒரு தரம் திருப்பினான். கடைசி வரிசையில், வாசலோடு ஒட்டிப் போட்ட கதிரையில், அண்ணையும் அண்ணியும் இருந்தார்கள். அண்ணை கையிரண்டையும் முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு குனிந்து இருந்தார். கெட்டிமேளம் கேட்டபோது மட்டும் எழும்பி நின்றார். கையில் அட்சதை இல்லை.

கல்யாணத்தை ஒன்றும் குறைசொல்ல முடியாது. தாலி ஏறியது, பந்தி நடந்தது, பிள்ளை நன்றாக இருக்கிறாள். ஒரு தகப்பன் தன் ஒரே மகளின் கையைப் பிடித்துக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். இரண்டேகால் மணித்தியாலம் என் விரல் சும்மா இருந்திருந்தால் நடந்திருக்கும்.

அக்கா என்னை ஏசவில்லை. எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும்வரை என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை. ஒருநாள் சாப்பாடு போடும்போது, "அவருக்கு ஆர் சொன்னது?" என்று மட்டும் கேட்டாள். தெரிந்துகொண்டுதான் கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். மனைவி என் பக்கம் கதைப்பாள் என்று பார்த்தேன். அவள், "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு" என்று சொல்லிவிட்டுக் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது நியாயம்.

முப்பத்தோராம் நாள் கீரிமலையில் கிரியை முடித்து, முழுகி, வீட்டுக்கு வந்து ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது அண்ணை போன் எடுத்தார். அன்றைக்குப் பிறகு முதல் தரம். எல்லாம் ஒழுங்காக நடந்ததோ, எத்தனை பேர் வந்தது, அக்கா சாப்பிடுகிறாளோ என்று கேட்டார். ஒவ்வொன்றாகச் சொன்னேன். இனி ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன். ஏசினால் நல்லது என்றும் இருந்தது.

"தம்பி, பிள்ளை கேட்டவள். சித்தப்பா ஏனப்பா அந்த நேரம் பாத்து அனுப்பினவர் எண்டு."

"அண்ணை..."

"நான் சொன்னனான், பெரியப்பா போன பதற்றத்திலை அவனுக்கு முகூர்த்த நேரம் மறந்து போச்சு எண்டு. அப்பிடித்தானே? மறந்து போனாய் என்ன?"

அப்போது சொல்லியிருக்க வேண்டும். மறக்கவில்லை அண்ணை, அக்கா சொன்னவள், நேரமும் தெரியும், தெரிந்துதான் போட்டேன் என்று. எதற்கெல்லாமோ அவசரப்படுகிறவன், அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் வாய் திறக்கவில்லை.

"ஓம் அண்ணை. மறந்து போனன்."

"சரி. அப்பிடியே இருக்கட்டும்" என்றார்.

இப்போது பெரியப்பாவுக்கு எடுத்தது போலக் கிழமைக்கு ஒருதரம் ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு எடுக்கிறார். மழை பெய்ததோ, அக்காவின் கால் நோ எப்படி, தோட்டத்து வெங்காயம் இந்த முறை என்ன மாதிரி என்றெல்லாம் கேட்பார். இரண்டு தரம் நான் தொடங்கிப் பார்த்துவிட்டேன். "அண்ணை, அண்டைக்கு நான் மறக்கேல்லை..." என்று வாயெடுத்தால் உடனே குறுக்கிட்டு, "பிள்ளை பக்கத்திலை நிக்கிறாள், பேந்து கதைப்பம்" என்று வைத்துவிடுகிறார். பிள்ளை கல்யாணம் முடித்த அடுத்த கிழமையே புருஷனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் அண்ணையும் அண்ணியும்தான் இருக்கிறார்கள்.